வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம்: டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதலில் ஒரு கணக்கு. காப்ஸ் என்று இங்கே எல்லாரும் சொல்லும் தேசியப் பாடத்திட்டப்படி, கிரேடு 1 பிள்ளைக்கு வாரத்தில் 23 மணி நேரம் பாடம். கிரேடு 4-க்கு 27.5 மணி நேரம். கிரேடு 8-க்கும் அதே 27.5. இந்த மூன்று வகுப்பிலும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் வாரத்துக்கு 78 மணி நேரம் ஆகும். பாடங்களை எண்ணினால் சின்னதுக்கு நாலு, நடுப்பிள்ளைக்கு ஆறு, பெரியதுக்கு ஒன்பது. ஆக 19. சமையலும் துணியும் பார்த்துக்கொண்டு இதை ஒரு அம்மாவால் செய்ய முடியாது. அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்தாலும் முடியாது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என்னிடம் வீட்டுக்கல்வி பற்றிக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் "எந்தப் புத்தகம் வாங்கலாம் அக்கா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். புத்தகம் எளிதாகக் கிடைக்கும், அதுவும் பாதிக்குமேல் இலவசமாகவே கிடைக்கும். கஷ்டமெல்லாம் அந்த 78 மணி நேரத்தை எப்படிச் சுருக்குவது என்பதில்தான். ஒரே வீட்டில் மூன்று பள்ளி நடத்தப் பார்க்கிறவர்கள் இரண்டாம் டெர்ம் முடிவதற்குள் களைத்துவிடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி, எதைச் சேர்த்து நடத்துவது, எதைப் பிரித்து நடத்துவது என்பதைப் பற்றியது. ஆனால் அதற்கு முன் சட்டத்தை முடித்துவிடுவோம்.

படி 1: மாகாணத்தில் பதிவு

தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கல்வி சட்டப்படி சரியானது. 1996-ஆம் ஆண்டின் பள்ளிகள் சட்டத்தில் 51-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஜனாதிபதி கையெழுத்திட்டு, டிசம்பர் 24 முதல் நடைமுறைக்கு வந்த பேலா சட்டம் (அடிப்படைக் கல்விச் சட்டங்களின் திருத்தச் சட்டம்) அந்தப் பிரிவை விரிவாக்கியது. கிரேடு 1-க்கு முந்தைய ஆண்டான கிரேடு ஆர் இப்போது கட்டாயம். பிள்ளைக்கு ஆறு வயது நிறைகிற ஆண்டிலிருந்து, 15 வயது அல்லது கிரேடு 9, எது முதலில் வருகிறதோ அதுவரை, ஒன்று பள்ளியில் இருக்க வேண்டும், இல்லை வீட்டுக்கல்விக்குப் பதிவாகி இருக்க வேண்டும். காரணம் இல்லாமல் இரண்டும் இல்லாதபடி பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோருக்கு அபராதமோ 12 மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. "யார் வந்து பார்க்கப் போகிறார்கள்" என்று பேசுகிறவர்கள் நம்மிடையே நிறைய இருப்பதால் சொல்கிறேன்.

விண்ணப்பம் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்குப் போகும். நம் குவாசூலு-நடாலுக்குத் தலைமையகம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். வழக்கமாகக் கேட்பவை: பெற்றோரின் அடையாள அட்டை நகல் (வெளிநாட்டவர் என்றால் இங்கே தங்க, வேலை செய்ய அனுமதித்த ஆவணம்), பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் நகல், பள்ளியில் படித்திருந்தால் கடைசி ரிப்போர்ட், வாராந்தர நேர அட்டவணை, ஆண்டின் டெர்ம்களைப் பிரித்துக் காட்டும் பட்டியல், என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறீர்கள் என்ற பாடத்திட்டம். நகல்களில் சான்று முத்திரை வேண்டும். போலீஸ் ஸ்டேஷனில் அசலைக் காட்டினால் காசில்லாமலே போட்டுக் கொடுப்பார்கள். செவ்வாய், புதன் காலையில் போனால் வரிசை குறைவு.

மூன்று பிள்ளை என்றால் மூன்று விண்ணப்பம். குடும்பத்துக்கு ஒன்று என்று நினைத்து அனுப்பாதீர்கள். அனுப்பியதற்கான மின்னஞ்சல், பதில், நினைவூட்டல் எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வையுங்கள். பதில் தாமதமானால் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

ஆன்லைன் பள்ளியில் காசு கட்டிச் சேர்த்துவிட்டால் பதிவு வேண்டாம் என்று விற்பவர்கள் சொல்லலாம். பிள்ளை உட்கார்ந்து படிப்பது உங்கள் வீட்டில். துறையிடம் எழுத்தில் கேட்டு, பதிவையும் செய்துகொள்வதே நல்லது. அதேபோல, நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வீட்டில் டீச்சர் வைத்து தினமும் வகுப்பு நடத்த ஆரம்பித்தால் அது தனியார் பள்ளி என்ற வரையறைக்குள் போய்விடலாம். அதற்கு வேறு பதிவு, வேறு விதிகள். வாரத்தில் ஒரு நாள் கூடுவது வேறு, தினமும் நடத்துவது வேறு. சட்டத்தில் சிக்கல் வந்தால் உதவ பெஸ்டலோட்சி டிரஸ்ட் என்ற அமைப்பு இருக்கிறது. உறுப்பினராகச் சேர்பவர்களுக்கு வீட்டுக்கல்வி வழக்குகளில் துணை நிற்கும்.

கிரேடு 3, 6, 9 முடிவில், அதாவது ஒவ்வொரு கட்டமும் முடியும்போது, தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளையைச் சோதித்து அறிக்கை தர வேண்டும். செலவு நம்முடையது. பாடத்திட்டம் காப்ஸ்தான் என்று கட்டாயமில்லை, ஆனால் தேசியத் தரத்துக்குக் குறையக்கூடாது.

படி 2: மெட்ரிக்கிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்

மெட்ரிக் என்றால் இங்கே கிரேடு 12 முடிவில் வரும் பள்ளி இறுதித் தேர்வு. கிரேடு 1-இல் இருக்கும் பிள்ளைக்கு அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். கிரேடு 8-இல் இருப்பதற்கு உடனே யோசிக்க வேண்டும். வயது வித்தியாசம் உள்ள வீட்டில் கவலையைப் பங்கிடும் முறை இது: பெரியதுக்கு அவசரம், சின்னதுக்கு நிதானம்.

கிரேடு 9 வரை வீட்டில் சுதந்திரமாகப் படிக்கலாம். கிரேடு 10-இலிருந்து பாதை குறுகும். தேசிய மெட்ரிக் சான்றிதழ் வேண்டுமென்றால், தேர்வுத் தரத்தைக் கண்காணிக்கும் உமலுசி அங்கீகரித்த தேர்வு அமைப்பு ஒன்றின் கீழ் வர வேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கு எஸ்.ஏ.சி.ஏ.ஐ., ஐ.இ.பி. என்ற இரண்டு பெயர்கள்தான் காதில் விழும். இவற்றில் நேரடியாக நாம் போய்ச் சேர்வதில்லை, அவற்றோடு இணைந்த பாட நிறுவனம் ஒன்றின் மூலம்தான் சேர்க்கை. பெரும்பாலான பாடங்களில் இறுதி மதிப்பெண்ணில் 25 சதவீதம் ஆண்டு முழுக்கச் செய்த ஒப்படைப்புகளிலிருந்தும் தேர்வுகளிலிருந்தும் வரும், 75 சதவீதம் இறுதித் தேர்விலிருந்து. ஆகவே கிரேடு 12-இல் போய்ப் பரீட்சை மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணம் நடக்காது. 10, 11, 12 மூன்று ஆண்டும் முறைப்படி கணக்கில் வர வேண்டும்.

இன்னொரு பாதை கேம்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் தேர்வு முறை. இதில் பாடம் பாடமாகத் தனித் தேர்வராக எழுதலாம், வேகம் நம் கையில். ஆனால் தேர்வுக் கட்டணம் அதிகம். இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குச் சேர எந்தப் பாடங்கள், எத்தனை, எந்த நிலையில் வேண்டும் என்று தனி விதிகள் இருக்கின்றன. அதைப் பார்க்காமல் பாடங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பின்னால் திருத்துவது கஷ்டம். பாட நிறுவனம் சொல்வதை மட்டும் நம்பாமல் பல்கலைக்கழகச் சேர்க்கைப் பிரிவுக்கே எழுதிக் கேளுங்கள்.

கிரேடு 9-இல் எடுக்கும் ஒரு முடிவு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது: மேத்ஸா, அன்றாடக் கணக்கை மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசியா? பொறியியல், மருத்துவம், கணக்கியல் பக்கம் போகும் வாய்ப்பு சிறிதாவது இருந்தால் மேத்ஸை விடாதீர்கள். கிரேடு 10-இல் மேத்ஸிலிருந்து லிட்டரசிக்கு இறங்குவது எளிது, திரும்ப ஏறுவது மிகக் கடினம். இதனால் கிரேடு 8 பிள்ளைக்கு மற்ற எட்டுப் பாடங்களில் நான் தாராளமாக விட்டுக்கொடுப்பேன். கணிதத்தில் மட்டும் ஒரு நாளும் விட மாட்டேன்.

படி 3: பிள்ளை உண்மையில் எங்கே நிற்கிறது?

பள்ளியிலிருந்து எடுத்த பிள்ளையை ரிப்போர்ட்டில் உள்ள கிரேடிலேயே தொடங்காதீர்கள். கல்வித் துறையின் வானவில் பயிற்சி நூல்கள் கணிதத்துக்குக் கிரேடு 9 வரையும் மொழிகளுக்குக் கிரேடு 6 வரையும் இருக்கின்றன. துறையின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பிள்ளையின் வகுப்புக்கு முந்தைய ஆண்டு நூலை எடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் நாலு கணக்கு கொடுங்கள். பெருக்கல், பின்னம் இரண்டிலும் தடுமாறினால், கிரேடு என்ன என்று பார்க்காமல் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். வாசிப்புக்கு, தெரியாத ஒரு கதையை உரக்கப் படிக்கச் சொல்லி, பிறகு புத்தகத்தை மூடிவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிகிறதா என்பதே போதும், கேள்வித்தாள் தேவையில்லை.

பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு முதல் சில வாரங்கள் கொஞ்சம் தளர்வாக விடுவதும் நல்லது. கதை கேட்கட்டும், தோட்டத்தில் கிடக்கட்டும்.

படி 4: எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்.

கணிதமும் எழுதப் படிக்கக் கற்பதும் படிப்படியாக ஏறுபவை. ஏழு வயதுப் பிள்ளையையும் பதினாலு வயதுப் பிள்ளையையும் ஒரே கணக்கில் உட்கார வைக்க முடியாது. இவை இரண்டும் தனித்தனி. அறிவியல், வரலாறு, புவியியல், கலை, தமிழ், கதை வாசிப்பு எல்லாவற்றையும் ஒரே பொருளை வைத்து எல்லாருக்கும் சேர்த்தே நடத்தலாம். நாம் சாம்பார் வைப்பது போலத்தான்: பாத்திரம் ஒன்று, சின்னதுக்கு மட்டும் காரம் குறைத்து எடுத்துவைக்கிறோம். பொருள் ஒன்றாக இருக்கட்டும், கேட்கும் வேலை மட்டும் வயதுக்கு ஏற்றபடி மாறட்டும்.

நடைமுறையில் ஒரு காலை இப்படிப் போகும். எட்டரை மணிக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்வது. ஒரு குறள், அப்புறம் நாம் ஒரு கதையையோ வரலாற்றுப் பகுதியையோ உரக்க வாசிப்பது. அடுத்து சின்னதுக்குக் கணக்கும் எழுத்தும். கிரேடு 1 பிள்ளையால் ஒரு விஷயத்தில் 15, 20 நிமிடத்துக்கு மேல் மனம் ஊன்ற முடியாது. அதனால் குட்டிக் குட்டியாக இரண்டு மூன்று முறை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் நடுப்பிள்ளை நேற்றே புரிந்துகொண்ட கணக்கைப் பயிற்சி செய்யும், பெரியது தனக்கான பாடத்தைத் தானே படிக்கும். சின்னது விளையாடப் போனதும் நடுப்பிள்ளைக்குப் புதுக் கணக்கு. பத்தரை மணி டீக்குப் பிறகு பெரியதோடு உட்கார்வது. புதுப் பாடம் ஒரே நேரத்தில் இருவருக்கு வராதபடி பார்த்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். பன்னிரண்டு மணிக்குள் தனிப்பாடங்கள் முடியும். மத்தியானம் எல்லாரும் சேர்ந்து அறிவியலோ வரலாறோ.

தத்தித் தத்தி நடக்கும் குழந்தையும் வீட்டில் இருந்தால், பாட நேரத்தில் மட்டும் வெளியே வரும் ஒரு கூடை வைத்துக்கொள்ளுங்கள். கரண்டி, மூடி, பெரிய பொத்தான் கோத்த கயிறு, பழைய செல்போன் உறை, எதுவானாலும் சரி. மற்ற நேரத்தில் அது கண்ணில் படக்கூடாது, அப்போதுதான் அதற்கு மவுசு.

பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லிக்கொடுப்பது இருவருக்கும் நல்லது, ஒரு அளவு வரை. வாசித்துக் காட்டட்டும், வாய்ப்பாடு கேட்கட்டும். ஆனால் தினமும் மணிக்கணக்கில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அதன் தலையில் விழுந்துவிட்டால், கிரேடு 8-இல் படிக்க வேண்டியது அதே அளவுக்குக் குறைகிறது. பெண் பிள்ளைதான் மூத்தது என்றால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். நம் வீடுகளைப் பற்றி எனக்குத் தெரியும்.

படி 5: ஒரே பொருள், மூன்று வயது: கரும்பை எடுத்துக்கொள்வோம்

மவுண்ட் எட்ஜ்கம்ப் பக்கமும் டோங்காட் பக்கமும் காரில் போகும்போது இரண்டு பக்கமும் கரும்பு. இதை வைத்தே மூன்று நாலு வாரம் ஓட்டலாம்.

கிரேடு 8 வரலாற்றில் முதல் டெர்மிலேயே 1860-இலிருந்து தென்னாப்பிரிக்காவில் நடந்த தொழில் மாற்றம் வருகிறது. அதில் நடாலின் கரும்புத் தோட்டங்களும் ஒப்பந்தக் கூலிகளும் உண்டு. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் வந்தது. 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் அப்படி வந்தார்கள், அவர்களில் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் ஏராளம். கிரேடு 4-இல் 'காலந்தோறும் போக்குவரத்து' என்று ஒரு பகுதி இருக்கிறது. கப்பலை அங்கே சேர்த்துக்கொள்ளலாம். கிரேடு 1 கப்பல் படம் வரைந்து, பாய்மரம், அலை, ஆள் என்று பெயர் எழுதட்டும்.

கணக்கு இங்கே தானாக வந்து விழும். ஒப்பந்தம் 5 ஆண்டு. முதல் ஆண்டு மாதச் சம்பளம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். சின்னது 10 பொத்தானை வரிசையாக வைத்து, ஆண்டுக்கு ஒன்று கூட்டி, 14 வரை போகட்டும். நடுப்பிள்ளை ஐந்து ஆண்டு மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று போடட்டும்: 10, 11, 12, 13, 14 கூட்டினால் 60, அதை 12 மாதத்தால் பெருக்கினால் 720 ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆகவே 36 பவுண்டு. பெரியது n-ஆம் ஆண்டுச் சம்பளத்துக்கு வாய்ப்பாடு எழுதட்டும். n + 9 என்று அதுவே கண்டுபிடிக்கும். ஐந்து ஆண்டு உழைப்புக்கு 36 பவுண்டு என்ற எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு மத்தியானம் ஒதுக்கி வையுங்கள்.

அறிவியலுக்கும் இதே கரும்பு போதும். கிரேடு 8 ஒளிச்சேர்க்கையைப் படிக்கிறது: சர்க்கரை தண்டுக்குள் எப்படி வந்தது? கிரேடு 4 ஒரு கணுவைத் தொட்டியில் நட்டு வளர்வதை அளக்கலாம். சின்னது சுவைத்துப் பார்த்து, வாசனை சொல்லி, மென்று துப்பினால் புலன்கள் பற்றிய பாடம் முடிந்தது. வெந்நீரில் சர்க்கரையை நிறையக் கரைத்து, நூல் தொங்கவிட்டு, படிகம் வளர்ப்பதை எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம்.

பெரிய பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டுமென்றால் குடும்ப வேரைத் தேடச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள், கப்பல் பட்டியலில் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதினார்கள். அந்த எண் பல வீடுகளில் பழைய காகிதத்தில் இன்னும் இருக்கிறது. ஆயாவிடம் கேட்டு (இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஊர்ப் பெயரைக் கண்டுபிடித்து, ஆங்கில எழுத்தில் சிதைந்து கிடக்கும் அந்தப் பெயர் எந்த ஜில்லாவாக இருக்கும் என்று வரைபடத்தில் தேடினால் புவியியலும் ஆகிவிடும். டர்பனில் 1860 மரபு மையம் இருக்கிறது, போகும் முன் திறந்திருக்கும் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரும்பு முடிந்ததும் காந்தி. கிரேடு 4-இல் மண்டேலாவும் காந்தியும் தலைவர்கள் பாடத்தில் வருகிறார்கள். 1904-இல் தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பு நமக்குப் பக்கத்திலேயே இனாண்டாவில் இருக்கிறது. அங்கே அச்சான இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை ஆரம்பத்தில் தமிழிலும் வந்தது. பெரியதுக்குத் தில்லையாடி வள்ளியம்மையைச் சொல்லுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914-இல் 16 வயதில் இறந்த பெண். கிட்டத்தட்ட அதே வயதுப் பிள்ளைக்கு அது வேறு மாதிரி உறைக்கும்.

வெளியே போகும் பாடத்துக்கு இரண்டு இடங்கள் சொல்கிறேன். டர்பன் தாவரவியல் பூங்காவில் என்செஃபலார்டோஸ் வூடி என்ற சைக்கட் மரம் (பனை போலத் தெரியும் ஒரு பழங்கால மர வகை) இருக்கிறது. 1895-இல் நொகோயே காட்டில் ஒரே ஒரு செடி கிடைத்தது, ஆண் செடி. பெண் செடி இதுவரை கிடைக்கவில்லை. உலகத்தில் இருக்கும் எல்லா வூடியும் அந்த ஒன்றின் பக்கக் கன்றுகள்தான். இனப்பெருக்கப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. மற்றது கடற்கரைப் பாறைக் குட்டைகள். தண்ணீர் நன்றாக வடியும் நாட்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வரும். நம் கரையில் அந்த நாட்களில் காலை 9, 10 மணியளவில்தான் கடல் மிகவும் உள்வாங்கி இருக்கும். அதனால் சுவரில் மாட்டியிருக்கும் தமிழ்க் காலண்டரே பயணத் திட்டம். சரியான நேரத்துக்கு மட்டும் அலை அட்டவணையைப் பாருங்கள், அலைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படி 6: பாடப் பொருட்கள் எங்கே கிடைக்கும்

ஒரு பாடத்துக்கு ஒரு முதுகெலும்பு நூல், ஒரு துணை. அதற்கு மேல் வேண்டாம். இணையத்தில் கிடைப்பதையெல்லாம் இறக்கி வைத்தால் தேடுவதிலேயே இரவு போய்விடும்.

முதுகெலும்புக்கு, கீழ் வகுப்புகளில் நான் மேலே சொன்ன வானவில் நூல்கள். கிரேடு 10 முதல் 12 வரை கணிதத்துக்கும் இயற்பியல் அறிவியலுக்கும் சியாவுலாவின் நூல்கள் இலவசம், காப்ஸை அப்படியே பின்பற்றுபவை, விடையோடு வரும். கிரேடு 4, 5, 6 அறிவியலுக்கும் அவர்களுடைய நூல்கள் இருக்கின்றன. பழைய மெட்ரிக் வினாத்தாள்களும் விடைக்குறிப்பும் கல்வித் துறைத் தளத்திலேயே கிடைக்கும். அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கணிதத்தில் ஒரு தலைப்பு புரியவில்லை என்றால் கான் அகாடமி நல்ல துணை.

சின்னப் பிள்ளைகளின் வாசிப்புக்கு இந்த நாடு நிறையக் கொடுக்கிறது. புக் டேஷ், ஆப்ரிகன் ஸ்டோரிபுக், நலிபாலி மூன்றும் இலவசக் கதைகள் தருபவை. நம் ஊர் முகங்கள், நம் ஊர் மரங்கள், சூலுவிலும் ஆங்கிலத்திலும். ஒரே கதையை இரண்டு மொழியிலும் இறக்கி அருகருகே வைத்துப் படிக்கலாம். எதெக்வினி (டர்பன்) நகராட்சி நூலகங்களையும் மறக்காதீர்கள். மூன்று பிள்ளைக்கும் தனித்தனி அட்டை எடுத்தால் எடுத்துவரும் புத்தகமும் மூன்று மடங்கு.

இந்தியாவிலிருந்து வரும் நூல்களைப் பயன்படுத்துவதில் சில கண்ணிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அருமை, இலவசமாகவும் கிடைக்கின்றன. ஆனால் அங்கே ஏப்ரல், மே கோடைகாலம், இங்கே அப்போது இலையுதிர் காலம். பொங்கல் நமக்குக் கொளுத்தும் வெயிலில் வரும், ஆடிக் கூழ் குளிரில். டர்பனில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுக்க வடக்குப் பக்கம்தான் இருக்கும், நிழல் தெற்கே விழும். புத்தகத்தில் வேறு மாதிரி போட்டிருந்தால் பிள்ளை குழம்பும். அதைத் திருத்துவதையே பாடமாக்குங்கள்: ஒரு குச்சியை நட்டு நிழலை அளந்தால் போதும். இன்னொன்று, தசமம். இங்குள்ள பள்ளிக் கணக்கில் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். இரண்டரை என்பது 2,5. இந்திய நூலில் காற்புள்ளி ஆயிரத்தையும் லட்சத்தையும் பிரிக்கும். இதை முதல் நாளே சொல்லிவிடாவிட்டால் நடுப்பிள்ளை ஒரு வாரம் தலையைச் சொறியும்.

காசு கொடுத்து வாங்கும் முழுப் பாடத் தொகுப்புகளைப் பற்றி: கிரேடு 7 வரை தேவையில்லை என்பது என் கருத்து. கிரேடு 8, 9-இல் ஒருவருக்கு மட்டும் வாங்கலாம். கிரேடு 10-இலிருந்து தேர்வு அமைப்புக்காக எப்படியும் ஒன்றில் சேர வேண்டும். அப்போது கேட்க வேண்டியவை: எந்தத் தேர்வு அமைப்போடு இணைப்பு, ஒப்படைப்புகளை யார் திருத்துவார்கள், தேர்வு எழுதும் இடம் எங்கே, கட்டணத்தில் தேர்வுக் கட்டணம் சேர்ந்ததா, நடுவில் நின்றால் பணம் திரும்புமா. எல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

மின்வெட்டு முன்போல இல்லை என்றாலும், டேட்டா விலையும் சேர்ந்து இருப்பதால், வாரத்துக்கு வேண்டியதை ஞாயிறு இரவே இறக்கிவைப்பது நல்லது. சின்னதுக்குத் திரையே வேண்டாம், அச்சடித்த நாலு தாள் போதும்.

படி 7: தமிழும் சூலுவும்

மெட்ரிக்குக்குக் குறைந்தது இரண்டு மொழிகள் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டுமொழி நிலையிலும், சூலு அல்லது ஆப்ரிகான்ஸ் முதல் கூடுதல் மொழியாகவும் அமைவது வழக்கம். இந்த மாகாணத்தில் வாழப்போகிற பிள்ளைக்கு நான் சூலுவைத்தான் சொல்வேன். கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் தினமும் பயன்படும். அதில் வரும் சொடக்கு ஒலிகள் ஏழு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டு, நமக்குத்தான் நாக்கு புரளாது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஆரம்பியுங்கள். மொழி தொடக்கத்தில் வயது வித்தியாசம் பெரிய தடையில்லை, சின்னது முந்திப்போகவும் செய்யும். அது பெரியதுக்குக் கொஞ்சம் உறுத்தும், உறுத்தட்டும்.

தமிழையும் இதே போலச் சேர்த்தே நடத்தலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் மழலைக் கல்வியிலிருந்து படிப்படியாகப் பாடம் தருகிறது, வெளிநாட்டுத் தமிழர்களை மனதில் வைத்தே செய்தது. ஸ்டோரிவீவர் என்ற கதைத் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இருக்கின்றன. சூலுக் கதைகளும் அங்கேயே உண்டு. கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் நடத்தும் மாலை வகுப்புக்கு அனுப்பினால் கூட்டாளிகளும் கிடைப்பார்கள். ஐஸ்டெட்ஃபோட் போட்டியில் பேச்சு, பாட்டு என்று சேர்த்துவிட்டால் பயிற்சி செய்யச் சொல்லி நாம் கத்த வேண்டியதில்லை. நாட்டின் அரசியல் சட்டமே மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழின் பெயரைச் சொல்கிறது, மெட்ரிக் பாடப் பட்டியலிலும் தமிழ் உண்டு. உங்கள் தேர்வு அமைப்பு அதை நடத்துகிறதா என்பதை மட்டும் கிரேடு 9-இலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் ஆயா இருந்தால் அவரையும் இழுத்துவிடுங்கள். இங்கே பிறந்த பல ஆயாக்களுக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது, ஆனால் புரட்டாசி விரதச் சமையலும் காவடிப் பாட்டும் தாலாட்டும் தெரியும். அவர் சொல்லச் சொல்லப் பெரியது எழுதட்டும், நடுப்பிள்ளை படிக்கட்டும், சின்னது பாடட்டும்.

படி 8: கோப்பு

ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு கோப்பு. வாரத்தில் ஒரு முறை, ஒவ்வொரு பாடத்திலும் ஒரு தாளைத் தேதி போட்டு உள்ளே வையுங்கள். நல்ல தாளை மட்டும் பொறுக்காதீர்கள், தப்பும் திருத்தமும் இருக்கும் தாள்தான் முன்னேற்றத்தைக் காட்டும். சேர்ந்து செய்த பாடத்துக்கு ஒவ்வொருவரும் செய்த பங்கை அவரவர் கோப்பில் போடுங்கள். கரும்புக் கணக்கில் பெரியதின் வாய்ப்பாடு ஒரு கோப்பில், சின்னதின் பொத்தான் படம் இன்னொன்றில். படித்த புத்தகப் பட்டியல், வெளியே போன இடங்கள், சில புகைப்படங்கள். மதிப்பீட்டாளர் வரும்போது இதைத்தான் புரட்டுவார். கிரேடு 3, 6, 9 முடிகிற ஆண்டில் மதிப்பீட்டாளரை ஜூலையிலேயே பேசி வையுங்கள், நவம்பரில் எல்லாரும் தேடுவார்கள்.

படி 9: பள்ளிக்குத் திரும்ப வேண்டி வந்தால்

வேலை மாறும், உடம்பு முடியாமல் போகும், அல்லது பிள்ளையே "நான் ஸ்கூலுக்குப் போறேன்" என்று சொல்லும். மூவரில் ஒருவர் மட்டும் திரும்பலாம், அதில் தப்பே இல்லை. கிரேடு 8-க்கும் கிரேடு 10-க்கும் இடையில் திரும்புவதாக இருந்தால் கிரேடு 10 தொடக்கத்துக்குள் முடிவெடுங்கள். நடுவில் போனால் ஒப்படைப்பு மதிப்பெண்களும் பாடத் தேர்வும் சிக்கலாகும். அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் நடுவிலேயே நடக்கும், ஜனவரியில் போய் நின்றால் பக்கத்துப் பள்ளியில் இடம் இருக்காது. பதிவுக் கடிதம், கடைசி மதிப்பீட்டு அறிக்கை, இரண்டு ஆண்டுக் கோப்பு மூன்றையும் கையில் எடுத்துப் போங்கள். பள்ளி ஒரு சோதனைத் தேர்வு வைத்து எந்த கிரேடு என்று முடிவு செய்யலாம். இடம் உறுதியானதும், வீட்டுக்கல்வியை நிறுத்துகிறோம் என்று அந்த ஒரு பிள்ளையின் பெயரில் மட்டும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு எழுதிவிடுங்கள். மற்ற இருவரின் பதிவும் அப்படியே தொடரும்.